அந்த வசனத்தை யார் சொல்வது?

அப்பா இறந்த முப்பதாம் நாள், 2023 செப்டம்பரில், பசுமலையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆறுதல் ஜெபக்கூட்டம் வைத்திருந்தோம். எங்கள் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபித்து, இரண்டு பாட்டுப் பாடி, ஒரு சின்னச் செய்தி கொடுத்த பிறகு, பெங்களூரிலிருந்து வந்திருந்த என் தம்பி சாட்சி சொல்ல எழுந்தான். நன்றாகவே பேசினான். அப்பா காலை நாலரைக்கு எழுந்து முழங்கால் போட்டது, மில்லுக்குப் போகும்போது டிபன் கேரியரோடு ஒரு சின்ன வேதாகமத்தையும் பையில் வைத்துக்கொண்டது, எவ்வளவு களைப்பாக வந்தாலும் குடும்ப ஜெபத்தை ஒரு நாள்கூட விடாதது, எல்லாவற்றையும் சொன்னான். எல்லாமே உண்மை. கடைசியில் என் பக்கம் திரும்பினான். "எங்க வீட்லயும் குறைகள் இருந்துச்சு. அப்பா சில முடிவுகளைக் கண்டிப்பா எடுத்தாங்க. அக்காவுக்கு அந்த நேரத்துல கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா யோசேப்பு சொன்ன மாதிரி, தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார். அக்கா இன்னைக்கு எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு பாருங்க" என்றான்.

பந்தலில் ஆமென் சத்தம் எழுந்தது. அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தோம். சேர்களை அடுக்கினோம். ராத்திரி பதினொன்றரை மணி திருமங்கலம் பஸ் போகிற சத்தம் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி மீது கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் இல்லை. அவன் சொன்னதை நான் நம்பவில்லையா என்று யோசித்தேன். நம்புகிறேன். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பம் எங்களுடையது. 1834-இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்த பிறகு பசுமலைப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களின் வழியில் வந்தவள் நான். கர்த்தருக்குத் தெரியாமல் என் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்பதை அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அப்படியிருந்தும் அவன் வாயிலிருந்து அந்த வசனம் வந்தபோது நெஞ்சில் ஏதோ முள் மாதிரி குத்தியது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நடந்தது இதுதான். 1997-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். சென்னையில் நடந்த பொறியியல் கவுன்சிலிங்குக்கு மாமா கூட்டிக்கொண்டு போனார். கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் சிவில் கிடைத்தது. ஒதுக்கீட்டு ஆணையை அப்பா வாங்கித் தன் பச்சை ஃபைலில் வைத்தார். அவர் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். எந்தக் காகிதமும் அவர் ஃபைலுக்குத்தான் போகும். சேர வேண்டிய தேதி தள்ளிப் போயிருக்கிறது, மறுபடி கடிதம் வரும் என்று சொன்னார். நம்பினேன். அம்மாவின் தகரப் பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, துணிமணி அடுக்கிக் காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் ஓர் ஒப்புகை அட்டை கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கோயம்புத்தூருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார், அது போய்ச் சேர்ந்ததற்கான அட்டை. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பச்சை ஃபைலைத் திறந்தேன். கார்பன் நகல் இருந்தது. எதற்கும் நகல் வைக்கிற மனிதர் அவர். என் மகள் உள்ளூரிலேயே படிக்க விரும்புவதால் மேற்படி இடம் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே அவர் கையெழுத்து. அவர் கையெழுத்தை நான் ஒன்றாம் வகுப்பு ரேங்க் கார்டிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் ஓடி வந்து பெயர் முழுவதையும் அடிக்கோடிடும், அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பார்.

என் மகள் விரும்புவதால் என்று எழுதியிருந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை அடங்கியும் இருப்பேன். என் வாயில் என் பெயரில் ஒரு பொய்யை வைத்து அனுப்பிவிட்டார். அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. "கர்த்தர் பார்த்துக்குவார், அப்பாவ எதுத்துப் பேசாத" என்று சொன்னார். நகலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உள்ளூரில் கணக்கில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்குப் பி.எஃப். பணத்தில் கடன் வாங்கிச் சுயநிதிக் கல்லூரியில் கட்டணச் சீட் வாங்கினார். தம்பிக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. அப்பாவுக்குத் தூரத்தில் அனுப்ப மனமில்லை, அக்கா சரி என்றுவிட்டாள் என்றுதான் அவனிடம் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன், அதற்கு மேல் அவன் கேட்கவும் இல்லை.

யோசேப்பு எப்போது சொன்னார்

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் யோசேப்பின் கதை வருகிற 37-ஆம் அதிகாரத்திலிருந்து 50 வரை திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓய்வுநாள் பள்ளியில் ஃப்ளானல் போர்டில் படம் ஒட்டிச் சொல்லக் கேட்ட கதைதான். ஆனாலும் கணக்கு டீச்சர் புத்தியோடு வருஷங்களைக் கூட்டிப் பார்த்ததில்லை. அண்ணன்மார் யோசேப்பைக் குழியில் போட்டு, பிறகு 20 வெள்ளிக்காசுக்கு விற்றபோது அவருக்கு 17 வயது. எனக்கும் அந்தக் கடிதம் போனபோது 17. எகிப்து ராஜா பார்வோனுக்கு முன்னால் நிற்கும்போது 30. அப்புறம் ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம். ஆக, சகோதரரிடம் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது அவருக்கு 39 வயது இருக்கும். 22 வருஷம் கழிந்திருக்கிறது. ராஜ்யத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த அந்த ஒன்பது வருஷத்தில் அவர் தகப்பன் இருந்த கானானுக்கு ஓர் ஆளாவது அனுப்பியதாக வேதம் சொல்லவில்லை. முதல் பிள்ளைக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார். தகப்பன் வீட்டை மறக்கும்படி தேவன் பண்ணினார் என்று அதற்குக் காரணம் சொல்கிறார். மறந்தேன் என்று பெயர் வைக்கிறவர் மறக்கவில்லை. தினமும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்திருக்குமே.

தானியம் வாங்க வந்த சகோதரரைக் கண்டவுடன் அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துப் பேசுகிறார். அவருக்குத் தங்கள் பாஷை தெரியாது என்று நினைத்து அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவன் கெஞ்சினான், அவன் வியாகுலத்தைக் கண்டும் நாம் கேட்கவில்லையே, அந்தத் துரோகம்தான் நம்மேல் சுமந்தது என்கிறார்கள். யோசேப்பு அப்பால் போய் அழுகிறார். இரண்டாம் தடவை அறைக்குள் போய் அழுகிறார். அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று, கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதிக்கிறார். விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, பென்யமீனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று முன்னால் வந்து நிற்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் யோசேப்பு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சத்தமிட்டு அழுது, நான் யோசேப்பு என்கிறார். தகப்பன் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன சொல்கிறார்? நீங்கள் விற்றுப்போட்ட சகோதரன் நான்தான் என்கிறார். விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டுத்தான், தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார் என்ற வார்த்தைக்கே வருகிறார்.

தம்பி சொன்ன வசனம் அங்கேயும் இல்லை. அது 50-ஆம் அதிகாரத்தில், இன்னும் 17 வருஷம் தள்ளி வருகிறது. தகப்பன் யாக்கோபு இறந்துவிட்டார். அடக்கம் முடிந்தது. அண்ணன்மாருக்கு மறுபடி பயம் வந்துவிடுகிறது. அப்பா சாகும் முன் உன்னை மன்னிக்கச் சொன்னார் என்று ஆள் விட்டுச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த வசனம் வருகிறது. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்; தேவனோ, இப்பொழுது நடந்துவருகிறபடியே, வெகு ஜனங்களை உயிரோடே காக்கும்படிக்கு, அதை நன்மையாக முடியப்பண்ணினார்." தம்பி அதன் பின்பாதியை மட்டும் சொன்னான். நம் கூட்டங்களிலும் பெரும்பாலும் பின்பாதியைத்தான் கேட்கிறோம். நடுவில் இருக்கிற அந்த அரைப்புள்ளியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு இந்தப் பக்கமும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைத் தேவன் அழிக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா அரசரடியில் இறையியல் படித்தவர். அவரிடம் இதைப் பேசினேன். நம் தமிழ் வேதாகமத்தில் நினைத்தீர்கள், முடியப்பண்ணினார் என்று இரண்டு வேறு வினைச்சொற்கள் இருக்கின்றன. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான் என்று காட்டினார். நீங்கள் தீமையாகத் திட்டமிட்டீர்கள், தேவன் நன்மையாகத் திட்டமிட்டார் என்ற மாதிரி. அதாவது மனுஷர் கெடுத்ததைத் தேவன் பின்னால் வந்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார் என்று அந்த வசனம் சொல்லவில்லை. ஒரே சம்பவத்தில் இரண்டு சித்தம் ஓடுகிறது. சபைச் சீர்திருத்தக்காரர் கால்வினுடைய வழியில் வந்தவர்கள் இதை அழுத்திச் சொல்வார்கள். மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய வெஸ்லியின் வழியில் வந்தவர்கள் தேவன் அனுமதித்தார் என்கிற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் பக்கத்து வீட்டு அக்கா, "அது சாத்தான் செஞ்சது, கர்த்தர் மாத்திப் போட்டார்" என்பார். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன பிறகு, இந்த எல்லாப் பேச்சும் எங்கள் சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

சித்தப்பா இன்னொன்றும் வாசிக்கச் சொன்னார். 1563-இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுக்கொடுக்கிற புத்தகம். அதில் 27-ஆம் கேள்வி தேவ பராமரிப்பைப் பற்றியது. இலையும் புல்லும், மழையும் வறட்சியும், விளைச்சல் வருஷமும் பஞ்ச வருஷமும், சுகமும் நோயும் தற்செயலாக வருவதில்லை, தேவனுடைய தகப்பன் கையிலிருந்து வருகின்றன என்கிறது. 104-ஆம் கேள்வி, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கற்பனையைப் பற்றியது. அவர்களுடைய பலவீனங்களையும் குறைகளையும் பொறுத்துக்கொள், ஏனென்றால் அவர்கள் கையைக்கொண்டு நம்மை நடத்துவது தேவனுக்குப் பிரியம் என்கிறது. இரண்டிலும் கை என்று வருகிறது. இதை வாசித்துவிட்டு நான் ஒரு வாரம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த தகப்பன் கை, பதிவுத் தபாலில் கையெழுத்துப் போட்ட கை. பிறகு 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. விழுந்துபோன மனுஷரின் பாவங்கள்கூடத் தேவனுடைய பராமரிப்புக்கு வெளியே இல்லை, ஆனால் அந்தப் பாவத்தின் தன்மை சிருஷ்டியிடமிருந்து மட்டுமே வருகிறது, தேவனிடமிருந்து இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவ்வளவு கண்டிப்பான ஆட்கள்கூட அந்த அரைப்புள்ளியைக் கைவிடவில்லை.

எனக்குக் குத்தியது எது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆதியாகமம் முழுக்கத் தேடினேன், அந்த வசனத்தை அண்ணன்மார் ஒருவரும் சொல்லவில்லை. ரூபன் சொல்லவில்லை, யூதா சொல்லவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் துரோகம் செய்தோம், மன்னிக்க வேண்டும் என்பதுதான். தேவன் நன்மையாக முடித்தார் என்று சொல்கிற உரிமை குழிக்குள் கிடந்தவனுக்கு இருந்தது. பந்தலில் குழிக்கு வெளியே நின்றவன் அதைச் சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கு எதுவும் தெரியவும் தெரியாது. இருந்தாலும் நான் சொல்ல வேண்டிய வார்த்தையை, நான் சொல்லத் தயாராவதற்கு முன், என் கையிலிருந்து எடுத்துவிட்டான்.

சிலேட்டு

அப்பாவுக்கு 2022 ஜூனில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அம்மா அதற்கு ஏழு வருஷம் முன்பே போய்விட்டார். தம்பிக்கு வேலை பெங்களூரில். ஆகவே 14 மாதம் அப்பா என்னிடம் இருந்தார். நாலைந்து சொற்கள் மெல்லத் திரும்பி வந்தன. தண்ணி, போதும், வேணாம், ஸ்தோத்திரம். என்னைக் கூப்பிடும்போது தம்பி பெயர்தான் வரும். தப்பு என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடித் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயற்சி செய்வார், மறுபடியும் தம்பி பெயரே வரும்.

பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். வங்கியில் கேட்டதற்கு, கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்து மைப்பெட்டியைக் காட்டினேன். இடது கையால் அதைத் தட்டிவிட்டார். "வேணாம். வேணாம்." நாற்பது வருஷம் மற்றவர்களின் கைநாட்டை ரிஜிஸ்டரில் வாங்கியவர். தான் கைநாட்டு வைக்க மாட்டார். சரி என்று, என் மகள் சின்ன வகுப்பில் வைத்திருந்த சிலேட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். இடது கையில் பலப்பத்தைப் பிடிக்கப் பழக்கினேன். முதலில் கோடு. அப்புறம் வட்டம். பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். பலப்பம் சறுக்கும். என் கையை அவர் கைமேல் வைத்து நகர்த்துவேன். இரண்டு மாதத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்து வந்தது. நோட்டுக்கு மாறினோம். ஒரு நாள் அந்தக் கோடு வந்தது. கடைசி எழுத்திலிருந்து பின்னால் ஓடி வந்து பெயருக்குக் கீழே நடுங்கிக்கொண்டு போய் நின்றது. அதன் கீழே மெதுவாக இரண்டு புள்ளி வைத்தார். என் கை அவர் கைமேல் இருந்தது. எந்தக் கையெழுத்து என்னை வீட்டில் உட்காரவைத்ததோ, அதை இடது கையில் நானே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இதற்குக் கொஞ்ச நாள் கழித்து, இறப்பதற்கு மூன்று மாதம் இருக்கும், ஒரு சாயங்காலம். சிலேட்டைக் கேட்டார். கொடுத்தேன். வெகுநேரம் எழுதினார். நான் பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் முழங்கையை இடித்துச் சிலேட்டைக் காட்டினார். கோணல்மாணலாக மூன்று எழுத்து: "தப்பு". கீழே வேறு என்னவோ தொடங்கி, வராமல், பலப்பத்தால் கிறுக்கி அடித்திருந்தார். கையெழுத்து சரியாக வரவில்லை என்று சலித்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "தப்பில்லப்பா, நல்லாத்தான் வந்திருக்கு" என்று சொல்லி, ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்துத் திரும்பக் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிலேட்டை வாங்கவில்லை.

அவர் எதைத் தப்பு என்றார்? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அடக்கம் முடிந்து, அந்தக் கூட்டமும் முடிந்து, தூக்கம் வராத ராத்திரிகளில்தான் வந்தது. எழுத்தைச் சொன்னாரா, என் பெயருக்குப் பதில் தம்பி பெயர் வருவதைச் சொன்னாரா, 1997-ஐச் சொன்னாரா? கேட்க ஆள் இல்லை. ஒருவேளை அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தேவன் அந்த 14 மாதத்தைக் கொடுத்தாரோ, நான்தான் ஈரத் துணியால் துடைத்துவிட்டேனோ என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஐயரிடம் சொன்னேன். அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தப்பில்லப்பான்னு சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அதை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் பற்றி அத்தை பிறகு ஒரு நாள் சொன்னார். 1964-இல் அப்பாவுக்கு அமெரிக்கன் கல்லூரியில் பி.யு.சி. இடம் கிடைத்ததாம். தாத்தா, ஒருத்தனைத்தான் படிக்கவைக்க முடியும், சின்னவன் நன்றாகப் படிக்கிறான் என்று அப்பாவை மில்லுக்கு அனுப்பிவிட்டாராம். சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் போகும்போது அந்தக் கல்லூரியின் சிவப்புக் கட்டடங்கள் வரும். அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். டிராஃபிக் சத்தம் என்று நினைத்துக்கொள்வேன். யாக்கோபும் இப்படித்தான். ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு பார்வையில்லாத தகப்பனை ஏமாற்றினார். பிற்பாடு அவர் பிள்ளைகள் ஆட்டு இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் காட்டி அவரை ஏமாற்றினார்கள். இது தெரிந்ததும் அப்பா மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்தக் கடிதம் சரியானது என்று மட்டும் இன்றுவரை தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்

இந்த மாதிரி வசனங்களை நம் சபைகளில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், போய்ப் பொறுமையாக இரும்மா என்று ஜெபித்துத் திருப்பி அனுப்புகிறோம். ரோமர் 8:28-இல் இருக்கிற அந்த வார்த்தை சத்தியம். அதை எடுத்து ஒரு பெண்ணை மறுபடி அடிவாங்க அனுப்புவது சத்தியம் இல்லை. தாவீது தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவை இரண்டு தடவை கையில் கிடைத்தும் தப்பவிட்டார், கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்று மரியாதையும் கொடுத்தார். என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா என்று சவுல் கூப்பிட்டபோது என்ன செய்தார்? தாவீது தன் வழியே போனான் என்று 1 சாமுவேல் 26 முடிகிறது. ஈட்டி எறிந்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மன்னிப்பு ஒன்று, அதே கூரைக்குள் போய்ப் படுப்பது வேறொன்று. அந்தப் பெண்ணிடம் 181 என்கிற பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்து, கூடப் போய் நிற்பதும் தேவ பராமரிப்பின் வேலைதான். பராமரிக்கிறவர் மனுஷர் கையைக்கொண்டு செய்கிறார் என்று நம்புகிறோமே, அந்தக் கை நம்முடையதாக இருக்கக் கூடாதா?

அத்தை என்னிடம் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். "தாயி, நீ கோயம்புத்தூர் போயிருந்தா இந்த மாப்பிள்ளை கெடைச்சிருப்பாரா, இந்தப் பிள்ளை பொறந்திருக்குமா?" கிடைத்திருக்க மாட்டார்தான். என் வீட்டுக்காரரை நான் திருமங்கலத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஆசிரியர் அறையில் பார்த்தேன். என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த நன்றி கர்த்தருக்குப் போகிறது. பதிவுத் தபாலுக்குப் போகவில்லை. கானானிலிருந்து விற்கப்படாவிட்டால் யோசேப்புக்கு எப்பிராயீம், மனாசே என்கிற பிள்ளைகள் இல்லை. அதற்காக அவர் அந்த 20 வெள்ளிக்காசுக்கு நன்றி சொன்னதாக எங்கும் இல்லை.

2024 ஆகஸ்டில் அப்பாவின் முதல் நினைவு நாளுக்குத் தம்பி வந்தான். கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும், பச்சை ஃபைலை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று பல மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. "தம்பி, இதப் படி" என்று மட்டும் சொன்னேன்.

படித்தான். இரண்டாம் தடவை படித்தான். "நீ விரும்புறதா எழுதியிருக்கே" என்றான்.

"நான் விரும்பல."

"அப்ப உனக்கு…"

"தேதி தள்ளிப் போயிருக்குன்னு சொன்னாங்க. பெட்டி கட்டி வச்சிருந்தேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீலம் மங்கிப் போயிருந்தாலும் அந்தக் கோடும் இரண்டு புள்ளியும் நன்றாகத் தெரிந்தன. "இது அப்பா கையெழுத்துதானாக்கா?" என்று கேட்டான். தெரியாமல் கேட்கவில்லை.

"ஆமா. வலது கை" என்றேன். பிறகு உள்ளே போய், அப்பா எழுதிப் பழகிய நோட்டைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தேன். பக்கம் முழுக்க இடது கைக் கையெழுத்து, மேலிருந்து கீழே பதினெட்டு தடவை. தம்பி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தான். கார்பன் தாள் ரொம்ப மெல்லியது, காற்றில் எழும்பிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தான்.